முனியாண்டி மேல பழி போடாதே, மாப்ளே

நீ வாங்கியாந்த லேண்ட்ரோவரைப் பாத்தேன் மாப்ளே. பெயின்ட் நல்லா இருக்கு. கதவுல ஒட்டியிருக்கிற புலி ஸ்டிக்கர் அதைவிட நல்லா இருக்கு. ஓடுச்சுன்னா இன்னும் நல்லா இருக்கும்.

கோவிச்சுக்காதே. ஈப்போவுல ஏசிக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டர் தட்டுறவன், கேமரன் மலைக்கு வந்து டூரிஸ்ட் ஏத்திப் பொழைக்கலாம்னு நெனச்சது குத்தமில்ல. சீரிஸ் த்ரீ நல்ல வண்டிதான். 1971ல ஆரம்பிச்சு 1985 வரைக்கும் செஞ்சாங்க. ரெண்டேகால் லிட்டர் பெட்ரோல் இஞ்சின், 2,286 சிசி, லேசுல சாகாது. உங்கம்மாவுக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. என்ன ஒண்ணு, என் தங்கச்சிக்குக் காலையில சோக் இழுக்க வேணாம். தானாவே ஸ்டார்ட் ஆயிருவா. நிறுத்துறதுதான் கஷ்டம்.

ஆனா நேத்து பானெட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு ‘மாமா, ஸ்கேனர் எங்க குத்துறது?’ன்னு கேட்டே பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியலை. அந்த வண்டியில எதையாவது குத்துறதுக்குன்னு விட்டிருக்கிற ஒரே ஓட்டை, முன்னால பம்பருக்கு நடுவுல இருக்கிற ஸ்டார்ட்டிங் ஹேண்டில் ஓட்டைதான். அதுல குத்திச் சுத்திப் பாரு. உன் உடம்புல என்ன கோளாறுன்னு அது சொல்லிடும்.

அப்புறம் நீயே டாக்டராகி நோவையும் சொல்லிட்டே. ‘கார்புரேட்டர் போயிருச்சு மாமா, புதுசு ஆர்டர் பண்ணிட்டேன்.’ எத்தனை வெள்ளின்னு நான் கேக்கலை. கேட்டா எனக்கு நெஞ்சை அடைக்கும். இந்த மலையில வண்டி நின்னா எல்லாரும் கார்புரேட்டரைத்தான் புடிச்சு அடிக்கிறாங்க. ஏன் தெரியுமா? பானெட்டைத் தொறந்ததும் கைக்கு எட்டுற எடத்துல அது ஒண்ணுதான் இருக்கு. டேங்க் சீட்டுக்கு அடியில. பைப்பு சேசிஸ் ஓரமா, சேத்துக்குள்ள. பம்ப்பு இஞ்சினுக்குப் பக்கத்துல, கீழே. அதையெல்லாம் பாக்கணும்னா குனியணும். உங்க ஆளுங்களுக்குக் குனியறதுன்னா போனைப் பாக்கிறதுக்கு மட்டும்தான்.

நான் ஓட்டின காலத்துல எஸ்டேட்டுக்குள்ள நின்னா அங்கயேதான் பாத்தாகணும். ரஸ்ஸல் தொரை 1929ல போ எஸ்டேட்டை ஆரம்பிச்சதுலேருந்து இந்தச் சரிவு மாறலை. செம்மண் ரோடு, ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் பள்ளம். பின்னாடி கொழுந்து மூட்டை. மூட்டைக்குள்ள கொழுந்து சூடாகிக் கருக ஆரம்பிச்சா ஃபேக்டரியில கிராணி என்னைக் கருக்கிருவாரு. இதுல ஸ்கேனருக்கு எங்க போறது? பிளக் ஸ்பானர் ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு, கழுவின கிச்சாப் போத்தல் ஒண்ணு. இந்த மூணையும் வச்சுக்கிட்டுத்தான் சம்சாரத்தைக் காப்பாத்தினேன். அந்தப் போத்தல் என்னத்துக்குன்னு கேக்குறியா? வரேன், வரேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. வண்டி நின்னது எப்படி நின்னுச்சு? நீ போன்ல சொன்னப்ப ‘நின்னுருச்சு மாமா’ன்னு அழுதியே தவிர, எப்படின்னு சொல்லலை. பட்டுன்னு, சாவியை யாரோ திருப்பிட்ட மாதிரி அணைஞ்சா அது கரன்ட். பாயின்ட்டு, கண்டென்சர், காயில், இல்ல ஏதோ ஒரு ஒயர் கழண்டு ஊஞ்சலாடும். அப்படி இல்லாம, இழுத்து இழுத்து, இருமி, கார்புரேட்டர் வாய் வழியா ‘பொத்’துன்னு திருப்பித் துப்பி, நீ மிதிக்க மிதிக்க இன்னும் சோந்து போய் நின்னா அது பெட்ரோல். பழைய மெக்கானிக்குங்க ஒண்ணு சொல்லுவாங்க, பத்து கார்புரேட்டர் நோவுல ஒம்பது கரன்ட் நோவுன்னு. ஒரு கண்டென்சர் விலை என்ன, நீ ஆர்டர் பண்ணின பொட்டலம் விலை என்ன, நீயே கணக்குப் போட்டுக்க. கணக்குப் படிச்சவன்தானே.

சரி, பெட்ரோல்தான்னே வச்சுக்குவோம். அதுலயும் ரெண்டு சாதி இருக்கு. உங்கம்மாகிட்ட போய் வயிறு சரியில்லேன்னு சொன்னா அவ என்ன கேப்பா? பசியா, அஜீரணமான்னு கேப்பா. பசிக்கு ஓமத்தண்ணி குடுத்தா ஆளு காலி. அஜீரணத்துக்குச் சோறு போட்டாலும் ஆளு காலி. இஞ்சினுக்கும் அதே கேள்விதான். நின்ன ஒடனே ஒரு பிளக்கைக் கழட்டிப் பாரு. கொஞ்ச நேரம் சுத்தியும் பிளக் நுனி காஞ்சு கெடந்தா பசி. பெட்ரோல் வந்து சேரலை. நனைஞ்சு, கறுத்து, மோந்து பாத்தா மூக்கு எரிஞ்சா அஜீரணம். வந்தது ஜாஸ்தி. பசின்னா கார்புரேட்டருக்குப் பின்னால போ, டேங்க் பக்கமா. அஜீரணம்னா மட்டும்தான் கார்புரேட்டர் கிட்டயே நிக்கலாம். நீ காஞ்ச பிளக்கை வச்சுக்கிட்டு கார்புரேட்டரை ஆர்டர் பண்ணினியா, ஈரப் பிளக்கை வச்சுக்கிட்டா? பிளக்கைப் பாக்கவே இல்லியா? நெனச்சேன்.

பெட்ரோல் பொறக்கிற எடத்துலேருந்து பாப்போம். டேங்க் எங்க இருக்குன்னாவது தெரியுமா? வலது பக்க சீட்டுக்கு அடியில. நம்ம ஊரு வலது ஸ்டியரிங். அப்ப டிரைவர் உக்காந்திருக்கிறதே பெட்ரோல் மேலதான். அந்த சீட்டுல உக்காந்துக்கிட்டு நீ சிகரெட்டு இழுக்கிறதைப் போன வாரம் பாத்தேன். உன் தைரியத்தை மெச்சிக்கிட்டு நாலடி தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன்.

மீட்டரை நம்பாதே. மூங்கில் குச்சி விட்டு நனைஞ்ச அளவைப் பாரு. மலையில இன்னொரு சூது இருக்கு. கால் டேங்க் பெட்ரோல் சமதரையில போதும், சுங்கை பாலாஸ் ஏத்தத்துல போதாது. வண்டி மூக்கைத் தூக்கினதும் பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிரும். உறிஞ்சுற பைப்பு நுனி காத்தைக் குடிக்கும். அது நோவு இல்ல, உன் கஞ்சத்தனம். அப்புறம் டேங்க் மூடி. அதைப் பத்திக் கடைசியில பேசுவோம், இப்ப கேக்காதே.

டேங்க்லேருந்து பம்ப்பு வரைக்கும் வர்ற பைப்புதான் பெரிய கள்ளன். பம்ப்புக்கு அந்தாண்ட, கார்புரேட்டர் போற பக்கம் ஓட்டை விழுந்தா பெட்ரோல் சொட்டும், நாறும், ஊருக்கே தெரியும். பம்ப்புக்கு இந்தாண்ட, உறிஞ்சுற பக்கம் ரப்பர் வெடிச்சாலோ, கிளிப் லூசானாலோ ஒரு சொட்டு வெளிய வராது. காத்துதான் உள்ள போகும். நீ கீழ படுத்து டார்ச் அடிச்சுப் பாத்து ‘லீக்கே இல்ல மாமா’ன்னு எழுந்திருப்பே, முதுகு பூரா செம்மண்ணோட. லீக்கு இல்லாத லீக்கு அது. அதைப் புடிக்க பம்ப்புல இருக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பாரு. இஞ்சின் ஓடும்போது உள்ள சோடா கணக்கா முட்டை முட்டையா குமிழி ஓடினா பைப்புல காத்து புகுந்திருக்கு. இல்ல அந்தக் கிண்ணத்து வாஷரே செத்திருக்கும்.

அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை நான் கும்பிடுவேன் மாப்ளே. இப்ப வர்ற காடியில எல்லாத்தையும் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு மூடிட்டான். உள்ள என்ன நடக்குதுன்னு சாமிக்கும் சர்வீஸ் சென்டருக்கும்தான் தெரியும். இது அந்தக் காலத்து வெள்ளைக்காரன் வச்ச ஜன்னல். திருகைத் தளத்திக் கிண்ணத்தைக் கையில எடு. வெளிச்சத்துல புடி. மேல பெட்ரோல் இருக்கும். அடியில தனியா ஒரு கோலிக்குண்டு உருளும். விரல்ல தொட்டா நழுவும். கிண்ணத்தைச் சாய்ச்சா மொத்தமா ஒரே உருண்டையா ஓடும். பெட்ரோலோட சேராது. அதான் தண்ணி. இந்த மலையில பகல்ல வெயில், ராத்திரி 15 டிகிரிக்குக் கிட்ட. பாதி காலியா நிக்கிற டேங்குக்குள்ள காத்து வேர்க்கும். வேர்வை அடியில சேரும். நீ மாசத்துக்கு ஒரு தடவ வந்து தொடைச்சு போட்டோ எடுத்துட்டுப் போற வண்டிக்குத் தண்ணி சேராம வேற என்ன சேரும்? அதுக்குக் கீழ செந்தூள் கெடந்தா டேங்க் உள்ள துரு. தண்ணியைக் கொட்டலாம். துருவுக்கு டேங்க்கை எறக்கிக் கழுவணும். வேற வழி கெடையாது. ஏதோ போத்தல் மருந்து ஊத்தினா சரியாயிரும்னு எவனாவது சொன்னா, அந்த மருந்தை அவனையே குடிக்கச் சொல்லு.

இப்ப பம்ப்பு. அதுக்குள்ள கரன்ட்டு கெரன்ட்டு ஒண்ணும் கெடையாது. இஞ்சின் கேம்ஷாஃப்ட்டு ஒரு கையைத் தட்டும், அந்தக் கை ஒரு டயஃப்ரத்தை இழுத்து விடும், ரெண்டு வால்வு மாறி மாறித் தொறந்து மூடும். அவ்வளவுதான். இதுக்குத்தான் கிச்சாப் போத்தல். கார்புரேட்டர்ல போய்ச் சேர்ற பைப்பைக் கழட்டிப் போத்தல் வாயில விடு. காயில் ஒயரைப் புடுங்கிரு, பொறி பறக்கக் கூடாது. சிகரெட்டையும் அணைச்சிரு. பக்கத்துல உங்க மாமியை நிக்க வை, நீ அணைச்சியான்னு அவ பாத்துக்குவா. இப்ப சுத்து. ஒவ்வொரு துடிப்புக்கும் ‘சிர்ர்க், சிர்ர்க்’னு நல்லாப் பாய்ஞ்சு விழுந்தா பம்ப்பு நல்லவன். எச்சில் ஒழுகற மாதிரி ஒழுகினா ஒண்ணு பின்னால அடைப்பு, இல்ல பம்ப்பு கிழவனாயிட்டான். ஒண்ணுமே வரலைன்னா இன்னும் நல்லது. தேட வேண்டிய காடு பாதியாக் கொறைஞ்சிருச்சு.

1967ல ஜிம் தாம்சன்னு தாய்லாந்துப் பட்டு வியாபாரி தொரை ஒருத்தர், ஈஸ்டர் ஞாயித்துக்கெழமை தானா ராத்தா பக்கத்துல ஒரு பங்களாவுலேருந்து காலாற நடந்து போனவரு, இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரலை. போலீசு, ஒராங் அஸ்லி, பொமோ மந்திரவாதி, வெளிநாட்டுலேருந்து கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கிற ஞானதிருஷ்டிக்காரர் வரைக்கும் தேடினாங்க. எல்லாரும் மொத்தக் காட்டையும் ஒண்ணாத் தேடினாங்க. காணாமப் போன பெட்ரோலைத் தேட பொமோ வேணாம் மாப்ளே. டேங்க்லேருந்து கார்புரேட்டருக்கு ஒரே பாதைதான். நடுவுல ஒரு எடத்துல கழட்டிப் பாரு. அது வரைக்கும் வந்திருந்தா முன்னால தேடு, வரலைன்னா பின்னால தேடு. ஈப்போவுல உன் மேனேஜர் இதுக்கு ஏதாவது பேரு வச்சு ஒரு நாள் கிளாஸ் எடுப்பாரு.

பம்ப்பு அடியில ஒரு சின்ன லீவர் இருக்கும், கையால அடிக்கிறதுக்கு. அதை ஆட்டிப் பாத்தா செத்த பாம்பு மாதிரி தொங்குதேன்னு பயந்துக்காதே. கேம் மேட்டுல வந்து நின்னிருக்கும், அவ்வளவுதான். இஞ்சினை ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி அடி, புடிக்கும். இதைத் தெரியாம நல்ல பம்ப்பைத் தூக்கிப் போட்டவன் இந்த மலையில எத்தனையோ பேரு. தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வச்சுக்கிட்டவன் ஒருத்தன்தான். அவன் பேரைச் சொல்ல மாட்டேன். என் ஸ்டோருக்குள்ள வந்து பாத்துராதே.

இன்னொண்ணு. இஞ்சின் ஆயில் குச்சியை இழுத்து மோந்து பாரு. பெட்ரோல் வாடை அடிச்சா டயஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் ஆயிலுக்குள்ள எறங்குது. அப்ப வண்டியை ஓட்டாதே. ஆயில் தண்ணியாப் போய் பேரிங் தேயும். ஆயில் அளவு நாளுக்கு நாள் கூடுதேன்னு சந்தோஷப்படுற ஆளுங்களும் இருக்காங்க. பெட்ரோல் ஸ்டேஷன்காரனை விட நல்ல மனசு இஞ்சினுக்குன்னு நெனச்சுக்கிறாங்க.

பெட்ரோல்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ 97 ஊத்துறியாமே? அந்த இஞ்சினோட கம்ப்ரஷன் எட்டுக்கு ஒண்ணு. 2009ல 92ஐ எடுத்துட்டு 95 வந்தப்பவே அதுக்குத் தேவைக்கு மேலதான் கெடைச்சுது. 97 ஊத்தினா இஞ்சின் பூரிச்சுப் போகாது. ஸ்டேஷன்காரன்தான் பூரிச்சுப் போவான்.

இப்ப கார்புரேட்டருக்கு வரேன். ரொம்ப நேரமா அதைத்தானே எதிர்பாத்துக்கிட்டு இருக்கே. ஏர் கிளீனர் ஹோசைக் கழட்டிட்டு வாயைப் பாரு. இஞ்சின் ஓட வேணாம். ஆக்சிலேட்டரைச் சட்டுனு இழுத்து விடு. உள்ள பெட்ரோல் நூல் மாதிரி பீச்சணும். பீச்சினா கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு, ஆக்சிலேட்டர் பம்ப்பு வேலை செய்யுது. பீச்சலைன்னா, நீடில் வால்வு ஒட்டிக்கிட்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் கைப்புடியால பக்கத்துல ஒரு தட்டு தட்டு. பலமா இல்ல, நீ சின்னப் புள்ளையில பாடம் ஒப்பிக்காதப்ப நான் தட்டின அளவுக்கு.

ஓடுற விதத்தைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிரும். சும்மா நிக்கும்போது அழகா முணுமுணுக்கும், ஏத்தத்துல மிதிச்சா செத்துரும்னா மெயின் ஜெட் அடைப்பு, இல்ல வந்து சேர்றது பத்தலை. ரோட்டுல பறக்கும், ஜங்ஷன்ல நின்னா அணைஞ்சிரும்னா ஸ்லோ ஜெட். ஜெட்டைக் கழட்டினா ஊது. மாமிகிட்ட ஊசி வாங்கிக் குத்தாதே. பித்தளை மெத்துன்னு இருக்கும், ஓட்டை பெருசாயிரும், அப்புறம் குடிச்சுக்கிட்டே இருக்கும். ஃப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாரு. உள்ள சலசலத்தா ஓட்டை. மிதக்க வேண்டியது முழுகிப் போச்சு.

உன் வண்டியில இருக்கிறது செனித் கார்புரேட்டர். அதுல ஒரு பரம்பரை வியாதி இருக்கு. மேல் மூடியும் உள்கட்டையும் சேர்ற முகம் சூட்டுல கோணிக்கும். நடுவுல இருக்கிற ரப்பர் வளையம் தட்டையாயிரும். அப்புறம் நீ ஐடில் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் காதுல வாங்காது, கல்யாணம் ஆன புதுசுல நீ இருந்த கணக்கா. அதுக்கு மருந்து புது கார்புரேட்டர் இல்ல. ஒரு கண்ணாடித் தட்டு மேல உப்புத்தாளை விரிச்சு, அந்த முகத்தை வச்சு வட்டமா வட்டமா மெதுவா தேய். பளபளப்பு எல்லாப் பக்கமும் ஒண்ணா வர்ற வரைக்கும். புது வளையம் போட்டு மூடு. ஒரு சாயங்காலம் போதும். பொறுமை வேணும், அதுதான் ஆர்டர் பண்ணிக் கெடைக்காது.

அஜீரணக் கேசுக்கு வேற ஒரு காரணமும் இருக்கு. இந்த மலையே காரணம். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல. கீழ தாப்பாவுல இருக்கிறதை விட இங்க காத்து கொறைச்சல். குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். அங்க இன்னும் கொறையும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய கணக்குலயே ஊத்தும். ஈப்போவுல எவனோ காதை வச்சுக் கேட்டு டியூன் பண்ணிக் குடுத்தானே, அதுதான் இங்க வந்து கறுப்பா மூச்சு விடுது. மேல ஓட்டுற வண்டியை மேலயே டியூன் பண்ணு. சோக் கம்பி முழுசா உள்ள போயிருக்கான்னும் பாத்துக்க. சோக்கை இழுத்து விட்டுட்டு, குடிக்குது குடிக்குதுன்னு வண்டி மேல பழி போடக் கூடாது.

சரி, இப்ப உன் கதைக்கு வரேன். சுங்கை பாலாஸ் போற வழியில, முனியாண்டி கோயில் வளைவுல வண்டி நின்னுச்சு. தள்ளிப் பாத்தே, திட்டிப் பாத்தே. அப்புறம் கோயில்ல சூடம் ஏத்தினே. அரை மணி நேரம் கழிச்சு ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆயிருச்சு. முனி புடிச்சு வச்சுதுன்னும், முனியே விட்டுருச்சுன்னும் ஊரெல்லாம் சொல்லிட்டே. முனியாண்டி மேல எனக்கும் பக்தி உண்டு. ஆனா அவருக்கு இருக்கிற வேலைக்கு உன் டயஃப்ரத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டாரு.

தானா நின்னு, காத்திருந்தா தானா சரியாகிற நோவு மூணு இருக்கு மாப்ளே. மூணுமே சூடத்துக்கு நல்லாக் கட்டுப்படும். சூடம் எரியற நேரம்தான் அதுக்கு வேணும்.

ஒண்ணு, பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாப் போறது. தாப்பாவுலேருந்து மேல வரும்போது வெயில்ல, ரெண்டாம் கியர்ல, முன்னால ஒரு காய்கறி லாரி. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிகிட்ட எல்லாரும் எறங்கிக் குளிச்சு, பெத்தாய் வாங்கி, போட்டோ எடுத்துட்டு வந்து ஸ்டார்ட் பண்ணுவாங்க. சுத்தும், புடிக்காது. ஓடும்போது ஃபேன் காத்து, உள்ள ஓடுற குளிர்ந்த பெட்ரோல், ரெண்டும் பம்ப்பைக் காப்பாத்தும். நிறுத்தினதும் இஞ்சின் சூடு அப்படியே பம்ப்பு மேல ஏறும். பெட்ரோல்ல லேசான சரக்கு 40 டிகிரி வாக்குலயே கொதிக்க ஆரம்பிச்சிரும். உறிஞ்சுற பைப்புல அழுத்தம் கொறைச்சல், அதனால இன்னும் சீக்கிரம். பம்ப்பு ஆவியைத் தள்ளிக்கிட்டு நிக்கும். ஊட்டி மலை ஏறுன அம்பாசிடர்காரங்க பம்ப்பு மேல ஈரத்துணி சுத்துவாங்க. அமெரிக்காவுல துணி காயப்போடுற மரக்கிளிப்பை பைப்புல வரிசையா மாட்டுவாங்க. ஈரத்துணி வேலை செய்யும். கிளிப்பு மாட்டினவன் மாட்டி முடிக்கிறதுக்குள்ள இஞ்சின் ஆறியிருக்கும்.

ரெண்டாவது இதுக்கு நேர் எதிர், ஐஸ். சிரிக்காதே. மலேசியாவுல ஐஸ் கச்சாங் மட்டும்தான் ஐஸ்னு நெனச்சுக்கிட்டிருக்கே. பாசிக்காட்டு ரோட்டுல விடியக்காலையில பனி மூடியிருக்கும்போது காத்துல தண்ணி சொட்டும். கார்புரேட்டர் தொண்டையில பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும். 15 டிகிரிக் காத்து பூஜ்யத்துக்குக் கீழ போயிரும். ஈரம் த்ராட்டில் தட்டு மேல வெள்ளையாப் படிஞ்சு தொண்டையை அடைச்சிரும். சின்ன விமானம் ஓட்டுறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். கார்புரேட்டருக்குச் சூடு காத்து விட அவங்களுக்குத் தனியா ஒரு கம்பியே உண்டு. லேண்ட்ரோவர்ல இன்டேக் எக்சாஸ்ட்டோட ஒட்டிக்கிட்டு இருக்கிறதால இது ஜாஸ்தி வராது. வந்தாலும் வந்த தடயம் தெரியாது. நீ டார்ச் எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள உருகிப் போயிரும். பேய்க்கதைக்கு இதைவிட நல்ல சரக்கு கெடைக்குமா?

ஆனா நீ நின்னது மத்தியானம். வெயிலும் இல்ல, பனியும் இல்ல, மோடமாத்தான் இருந்துச்சு. இஞ்சின் சூட்டு முள்ளு பாதிக்குக் கீழதான்னு நீயே சொன்னே. அதுக்கு மொத நாள் ரிங்லெட்டுல நின்னுச்சு. அங்கயும் கொஞ்ச நேரத்துல தானா சரியாச்சு. அங்க முனியாண்டி கோயில் இல்ல, கடையில தேத்தண்ணிதான் குடிச்சே. பெட்ரோல் ஊத்தின அன்னிக்கு எவ்வளவு தூரம் ஓட்டினே? கிளம்பிக் கொஞ்ச தூரம் ஒழுங்கா ஓடி, அப்புறம்தானே இருமுச்சு? நின்ன எடத்துல டேங்க் மூடியைத் தொறந்தியா?

தொறக்கலை. தொறந்திருந்தா ‘உஸ்ஸ்’னு ஒரு பெருமூச்சு கேட்டிருக்கும்.

இதுதான் மூணாவது. டேங்க்லேருந்து பம்ப்பு பெட்ரோலை உறிஞ்சினா, அந்த எடத்துக்குக் காத்து போகணும். போகலைன்னா டேங்குக்குள்ள வெற்றிடம். பம்ப்பு இழுக்கும், டேங்க் விடாது. இழுபறியில டேங்க்தான் ஜெயிக்கும். நின்னுட்டா மெதுமெதுவா எங்கயாவது காத்து கசிஞ்சு உள்ள போய் சரியாயிரும். நீ சூடம் ஏத்தினாலும் சரியாகும், தேத்தண்ணி குடிச்சாலும் சரியாகும். காத்து உள்ள போறதுக்குத்தான் பழைய மூடியில ஒரு சின்ன ஓட்டை வச்சிருக்கான் வெள்ளைக்காரன். நீ என்ன பண்ணினே? அது துருப்புடிச்சுக் கேவலமா இருக்குன்னு, வண்டி வாங்கின மறுநாளே பளபளன்னு குரோம் மூடி ஒண்ணு போட்டே, பூட்டும் சாவியுமா. அதைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தேன். ஓட்டையும் இல்ல, காத்து போற வழியும் இல்ல. பெட்ரோல் திருட வர்றவனுக்கும் வழி இல்ல, பெட்ரோல் வெளிய வர்றதுக்கும் வழி இல்ல. நல்ல பூட்டு.

நம்பலைன்னா இப்பவே சாவியை எடு. மூடியை அரைத் திருகு தளத்தி விட்டுட்டு, நிறுத்தாம பிரிஞ்சாங் வரைக்கும் போயிட்டு வா. இருமலைன்னா நான் சொன்னது சரி. வர்ற வழியில ஆர்டர் பண்ணின கார்புரேட்டரை கேன்சல் பண்ண முடியுமான்னு கேளு. பண்ண முடியாதுன்னா கொண்டுவந்து என் ஸ்டோர்ல வச்சிரு, எடம் இருக்கு.

பழைய மூடியா? குப்பையில போட்டுட்டேன்னுதானே சொன்னே. ஆமா, போட்டே. நான்தான் பொறுக்கினேன். மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, ஓட்டையை ஊதிச் சுத்தம் பண்ணி, புது வாஷரும் போட்டு வச்சிருக்கேன். அம்பது வெள்ளி. தங்கச்சி மகன்கிறதால நாப்பத்தஞ்சு.